திறமும் பழக்கமும்: பெர்ன்ஸ்டைன் நூல் பற்றி ஓர் ஆய்வு

பயிலுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கற்றுத் தேர்தல் ஒன்று; ஒன்றே பலகால் நிகழ்தல் மற்றொன்று. ஒரு சொல் ஒரு நூலில் அடிக்கடி வருமானால் அஃது அந்நூலில் பயின்று வருகிறது என்கிறோம். ஒரு சிறுவன் நீந்தக் கற்றாலும் அவன் நீச்சல் பயில்கிறான் என்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? ஒரு செயலைப் பலகால் செய்தால் அது தானே கைவந்துவிடும் என்னும் நம்பிக்கை இச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறதோ என்று ஐயுறத் தோன்றும். அந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டுத் திடலில் ஊதலும் கையுமாக நிற்கும் ஆசிரியர் எந்நாட்டவராயினும், "இன்னும் நூறு முறை" என்றே பெரும்பாலும் கட்டளையிடுகிறார்.

அந்த நம்பிக்கையின் வேரைத் தொட்டு அசைத்துப் பார்க்கும் நூலொன்றைப் பற்றியது இக்கட்டுரை. அதன் ஆசிரியர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன். 1896இல் பிறந்து 1966இல் மறைந்த ருஷ்ய அறிஞர்; மருத்துவம் கற்றவர்; மனித உடல் எவ்வாறு அசைகிறது என்பதை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 1947இல் அவர் வெளியிட்ட 'அசைவுகளின் கட்டமைப்பு' என்ற பெருநூல் மறு ஆண்டில் ஸ்டாலின் பரிசு பெற்றது. அக்காலத்தையொட்டியே, அறிஞர்க்கன்றிப் பொதுமக்களுக்கென எளிய நடையில் இன்னொரு நூலையும் அவர் எழுதினார். அது வெளிவருமுன் காற்று மாறிவிட்டது. சோவியத் நாட்டின் உடலியல் துறையில் பாவ்லோவின் கொள்கைக்கு மாறாகப் பேசியவர்கள் கண்டிக்கப்பட்ட காலம் வந்தது. பெர்ன்ஸ்டைன் தம் ஆய்வுப் பணியிடத்தை இழந்தார். கையெழுத்துப்படி கிடப்பில் விழுந்தது. ஆசிரியர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 1991இல்தான் அது மாஸ்கோவில் அச்சேறியது. 1996இல் ஆங்கிலத்திலும் வந்தது. பரிசு பெற்ற பெருநூலைவிட இந்தச் சிறுநூலே இன்று விளையாட்டுப் பயிற்சியாளர்களிடையே மிகுதியாகப் பேசப்படுகிறது. அதனாலேயே அதை நிறுத்து நிதானித்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

நூலின் கருத்தை அறியுமுன், அது பிறந்த இடத்தை அறிவது நலம். 1920இல் அலெக்சேய் காஸ்தெவ் என்பவர் மாஸ்கோவில் தொழில் ஆய்வுக்கான நடுவண் நிலையம் ஒன்றை நிறுவினார். காஸ்தெவ் ஒரு கவிஞர்; ஆலைத் தொழிலாளியாக இருந்தவர்; எந்திரத்தின் மேல் தீராக் காதல் கொண்டவர். அமெரிக்கரான டெய்லர் தொழிற்சாலைகளில் புகுத்திய முறையை அவர் போற்றினார். எந்த வேலைக்கும் மிகச் சிறந்த ஒரே ஒரு வழி உண்டு. அதைக் கண்டறிந்து வேலையாட்கள் அனைவருக்கும் புகட்டிவிட்டால் நாட்டின் உற்பத்தி பெருகும் என்பது அம்முறையின் அடிப்படை. உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளியின் அடி எத்தகையது, அதன் சரியான வடிவம் யாது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணிக்கு 1922இல் வந்து சேர்ந்தவருள் ஒருவர் இளைஞர் பெர்ன்ஸ்டைன்.

அவர் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. தொழிலாளியின் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் சுத்தியலிலும் சிறுசிறு மின்விளக்குகளைப் பொருத்தினார். ஒளிப்படக் கருவியின் முன்னே துளையிட்ட தட்டொன்று சுழலும்படி செய்து, ஒரே படச்சுருளில் நொடிக்குப் பலமுறை ஒளி பதியச் செய்தார். அடி ஒவ்வொன்றும் புள்ளி வரிசையாகப் படத்தில் விழுந்தது. கைதேர்ந்த தொழிலாளி நூறு அடி அடித்தால் நூறும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். படம் வேறொன்று காட்டியது. சுத்தியலின் தலை ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழுந்தது. ஆனால் அதை அங்கே கொண்டுவந்த தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சற்றே வேறு வேறு வழியில் சென்றன. தோள் சிறிது விலகினால் முழங்கை அதை ஈடுசெய்தது; முழங்கை தவறினால் மணிக்கட்டு சரிசெய்தது. பயன் ஒன்று, வழி பல. ஒரே சிறந்த அசைவைத் தேடுவதற்கென எழுப்பிய நிலையத்திலேயே அப்படி ஓர் அசைவு கைதேர்ந்தவனிடம் இல்லை என்பது வெளியாயிற்று. காஸ்தெவ் இதை எவ்வளவு உணர்ந்தார் என்பது வேறு கதை.

இதிலிருந்து பெர்ன்ஸ்டைன் வந்தடைந்த முடிவைத்தான் பின்னாளில் எழுதிய நூல் விரித்துரைக்கிறது. பயிற்சியில் நாம் திரும்பச் செய்வது ஒரு சிக்கலின் விடையை அன்று. விடை காணும் செயலையே திரும்பச் செய்கிறோம். அடுத்த முறை அதே விடை வருவதில்லை, வரவும் வேண்டியதில்லை. இதைத் திரும்பச் செய்யாமலே திரும்பச் செய்தல் என்று அவர் முரண்பட்ட தொடரால் குறித்தார். முரண்போலத் தோன்றினும் அது வெறும் சொல் விளையாட்டன்று.

நூலின் ஏழு கட்டுரைகளிலும் வன்மை மிக்கது, பழக்கம் என்பது மூளையில் தடம் பதித்தல் என்ற பழைய கொள்கையை அவர் மறுக்கும் இடம். காட்டில் பலர் நடந்தால் ஒற்றையடிப் பாதை தோன்றுவதுபோல, ஒரே அசைவைப் பலகால் செய்தால் நரம்பில் அதற்கொரு பாதை விழுகிறது என்பது அக்கொள்கை. கேட்பதற்கு இனிய உவமைதான். பெர்ன்ஸ்டைன் எழுப்பும் வினா இது: கற்கத் தொடங்குபவன் முதல் நாளில் செய்வன அனைத்தும் தவறான அசைவுகளே அல்லவா? சைக்கிள் பழகுபவன் முதல் வாரத்தில் நூறு முறை விழுகிறான்; ஒருமுறையேனும் சரியாக ஓட்டுவதில்லை. பலகால் செய்ததே தடமாகப் பதியுமெனில் அவன் மூளையில் பதிய வேண்டியது விழுகின்ற கலையே. ஆயினும் அவன் ஒருநாள் விழாமல் ஓட்டுகிறான். அதுவரை ஒருமுறையும் செய்திராத ஒன்றை அவன் எங்கிருந்து பெற்றான்? தடம் பதிக்கும் கொள்கையினர் இதற்கு விடை கூற முடியாமல் திணறுவர். பயிற்சியால் மாறுவது தடமன்று. முன்னையதைவிடச் சற்று மேலான வழியைத் தேடும் முயற்சி என்று கொண்டால்தான் இது விளங்கும்.

தமிழாசிரியர்க்கு இன்னும் நெருக்கமான சான்றொன்றும் பெர்ன்ஸ்டைனிடம் உண்டு. ஒருவர் ஒரே சொல்லைக் கையாலும், தோளை மட்டும் அசைத்தும், காலில் எழுதுகோலைக் கட்டியும், வாயில் கவ்வியும் எழுதிக் காட்டிய படங்களை அவர் தருகிறார். எழுத்துக் கோணலாக இருக்கிறது. ஆயினும் கையெழுத்து அவருடையதே என்று பார்த்தவுடன் தெரிகிறது. கரும்பலகையில் எழுதும் ஆசிரியரின் தோளும், குறிப்பேட்டில் எழுதும் அவருடைய விரல்களும் வெவ்வேறு தசைகளாலாயவை. எழுத்தின் சாயல் மட்டும் இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் அவர் கற்றிருப்பது தசைகளின் வரிசையை அன்று, எழுத்தின் வடிவத்தை. அதை அடையும் பொறுப்பை அந்தந்த வேளையில் கிடைத்த உறுப்பு ஏற்கிறது.

ஏன் இவ்வளவு சிக்கல்? கையை எடுத்துக்கொள்க. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து, விரல்களை விட்டுவிட்டாலும், ஏழு வகையில் அசையத்தக்கன. ஒரு பொருளை ஓரிடத்தில் ஒரு சாய்வில் வைக்க ஆறு வகை போதும். எஞ்சிய ஒன்றினால் வழிகள் எண்ணிலவாகின்றன. கற்கத் தொடங்குபவன் இந்தப் பெருக்கத்தைக் கண்டு அஞ்சுகிறான் போலும், உடலை விறைப்பாக்கிக்கொள்கிறான். முதன்முறை பனிச்சறுக்கில் நிற்பவனையோ பூப்பந்து மட்டையைப் பிடிக்கும் சிறுமியையோ பாருங்கள்: முழங்கால் மடங்காது, மணிக்கட்டு திரும்பாது. நாளடைவில் ஒவ்வொரு மூட்டாக விடுதலை பெறுகிறது. முற்றும் தேர்ந்த நிலையில், மட்டையின் எடையும் கையின் சுழற்சி விசையும்கூட அவளுக்கு எதிராக நில்லாமல் துணையாக வேலை செய்கின்றன. திறமுடையவனின் அசைவு நமக்கு எளிதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இக்கருத்துகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1960களின் இறுதியில் சோவியத் ஆய்வாளர் சிலர் கைத்துப்பாக்கி சுடுவோரை ஆராய்ந்தனர். புதியவர்கள் கையை இறுக்கிப் பிடித்தும் துப்பாக்கி முனை அலைந்தது. தேர்ந்தவர்களிடம் தோளும் மணிக்கட்டும் ஓயாமல் சிறிது அசைந்துகொண்டே இருந்தன. ஒன்றன் விலகலை மற்றொன்று ஈடுசெய்ததால் முனை மட்டும் நிலைத்து நின்றது. அசையாமையும் ஓர் அசைவே என்பது இதனால் பெறப்படும்.

இன்னும் சுவையானது நீளத் தாண்டுதல் பற்றி டேவிட் லீயும் அவர்தம் துணைவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு. தாண்டுபவர் ஓடிவரும் ஓட்டம் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதே பயிற்சியாளரின் மரபு. அளவு நாடாவை விரித்து, தொடக்கக் குறியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் கால் பலகையில் விழ வேண்டும் என்பர். சிறந்த வீராங்கனை ஒருவரின் ஓட்டத்தைப் படமெடுத்து அளந்தபோது, அடிதோறும் சிறுசிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து, பலகையை நெருங்கும் வேளையில் ஓர் அடிக்கு மேற்பட்ட மாறுபாடாகிவிட்டிருந்தது. கடைசிச் சில எட்டுகளில் அது சட்டென்று சுருங்கி, சில விரற்கடை அளவுக்கு வந்தது. பலகையைக் கண்ணால் பார்த்து, எஞ்சிய எட்டுகளை நீட்டியோ குறுக்கியோ அவர் திருத்திக்கொண்டார். அவ்வாறு திருத்திக்கொள்வதை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. எதைக் கற்பித்தோம் என்று பயிற்சியாளர் எண்ணினரோ அது நிகழவில்லை. எது நிகழ்ந்ததோ அதை அவர்கள் கற்பிக்கவில்லை. பெர்ன்ஸ்டைனின் நூலுக்கு இதைவிடச் சிறந்த உரை எழுத இயலாது.

மாதிரி வடிவம் என்று ஒன்றை வகுத்து அதையே எல்லோரும் பின்பற்றச் செய்வதால் விளையும் இழப்புக்கு உயரத் தாண்டுதலின் வரலாறு நல்ல சான்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மெட்ஃபோர்டு நகரில் பள்ளி மாணவராக இருந்த டிக் ஃபாஸ்பரிக்கு, அக்காலத்தில் சரியானதென்று கருதப்பெற்ற முறை வரவேயில்லை. வயிறு கீழ்நோக்கக் கம்பியின்மேல் புரண்டு செல்லும் முறை அது. அவர் பழைய கத்தரிக்கால் முறைக்கே திரும்பினார். அம்முறையில் இடுப்புக் கம்பியைத் தட்டுகிறது. 1963இல், இடுப்பைச் சற்று உயர்த்தினால் என்ன என்று பார்த்தார். இடுப்பு உயர, தோள் பின்சாய்ந்தது. சாய்வு மிகுந்து மிகுந்து, பிந்திய ஆண்டுகளில் முதுகு கீழாகத் தலை முன்னே செல்லும் புதுமுறையாக அது உருவெடுத்தது. எவரும் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து அவர் இதைச் செய்யவில்லை. தம் உடலுக்குக் கம்பி விடுத்த வினாவுக்குத் தம் உடலாலேயே விடை தேடினார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். முதுகு வில்போல் வளைவதால் உடலின் எடை மையம் கம்பிக்குக் கீழாகச் செல்ல, உடல் மட்டும் கம்பிக்கு மேலாகச் செல்ல முடியும் என்று அறிவியலார் விளக்கினர். விளக்கம் பின்னே வந்தது. தாண்டல் முன்னே நிகழ்ந்தது.

ஆனால் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். மணற்குழியில் முதுகால் விழுந்தால் கழுத்து முறியும். கடற்பஞ்சு போன்ற மெத்தை குழியில் இடப்பட்டதால்தான் அந்த விடை கிடைக்கத் தகுந்த விடையாயிற்று. சூழல் மாறினால் திறமும் மாறும் என்பதற்கு இது தெளிவான சான்று. மேலும், பழைய முறை உடனே மடிந்துவிடவுமில்லை. 1977இல் பெண்களில் முதன்முதலாக 2 மீட்டர் தாண்டிய கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மாரி ஆக்கர்மன், வயிறு கீழாகப் புரளும் பழைய முறையிலேயே தாண்டினார். 1978இல் சோவியத் இளைஞர் விளாதிமிர் யாஷ்செங்கோ அதே முறையில் 2.34 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். பத்தாண்டுக் காலம் இரு முறைகளும் சமமாக நின்றன என்பதே உண்மை. பின்னர் ஃபாஸ்பரியின் முறை எங்கும் பரவியது. பரவியதும் என்ன ஆயிற்று? ஒருவன் தன் உடலுக்கெனத் தேடிக் கண்ட விடை, எல்லாப் பள்ளிகளிலும் சரியான வடிவமாகிவிட்டது. முழங்கால் இத்தனை பாகை, வளைவு இத்தனை எட்டு என்று அட்டவணை எழுதினர். மரபை மீறியவனையே மரபாக்குவதில் மனிதர்க்குள்ள விரைவு வியத்தற்குரியது! இலக்கிய உலகிலும் இதை நாம் காணாமலில்லை.

நம் நாட்டு மூத்தோர் நினைவிலுள்ள சான்றும் உண்டு. மலாயா தாமஸ் கிண்ணத்தை 1949, 1952, 1955 ஆகிய மூன்று முறையும் வென்ற காலத்தில் பூப்பந்தில் இருவர் ஒளிவீசினர். வோங் பெங் சூன் 1950 முதல் 1952 வரையும் மீண்டும் 1955லும் அகில இங்கிலாந்துப் பட்டம் பெற்றார். பினாங்கைச் சேர்ந்த எடி சூங் 1953, 1954, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் அதே பட்டத்தை வென்றார். வோங்கின் ஆட்டம் கால் நகர்த்தலின் அழகால் பெயர்பெற்றது; அவர் விரைவதாகவே தெரியாது, பந்து விழுமிடத்தில் முன்பே நிற்பார். எடி சூங் உருவத்தில் சிறியவர். உயரம் தராததை அவர் துள்ளலால் பெற்றார். மேலே எழும்பி அடிக்கும் அடியால் அவையோரை மயக்கினார். எட்டு ஆண்டுக்குள் ஒரே பட்டத்தை இருவரும் நான்கு நான்கு முறை வென்றனர். இவருள் எவருடைய வடிவத்தை மாதிரியாகக் கொள்வது? எடி சூங்கின் ஆசிரியர் ஒருவர் வோங்கின் கால் நகர்த்தலை மட்டுமே சரியென்று அவர்மேல் திணித்திருப்பின், உலகம் ஓர் ஆட்டத்தைக் காணாமல் போயிருக்கும்.

இனி, வகுப்பறைக்கும் திடலுக்கும் பொதுவான ஒரு கருத்து. 1978இல் கெர், பூத் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில் எட்டு வயதுச் சிறுவர்கள் பயறு நிரப்பிய சிறு பைகளைக் குறியை நோக்கி எறிந்தனர். ஒரு கூட்டத்தார் 3 அடித் தொலைவிலிருந்தே எறிந்து பழகினர். மறு கூட்டத்தார் 2 அடியிலும் 4 அடியிலும் மாறிமாறி எறிந்தனர். 3 அடியில் ஒருமுறையும் எறியவில்லை. இறுதியில் 3 அடியில் தேர்வு வைத்தபோது, அதில் பழகியவர்களை அதில் பழகாதவர்கள் வென்றனர். பழக்கம் என்பது பழகியதை மட்டுமே தரும் என்னும் எண்ணத்துக்கு இது பேரிடி.

மறு ஆண்டில், 1979இல், ஷே, மோர்கன் என்பார் மற்றொன்றைக் காட்டினர். மூன்று வகைக் கையசைவுகளை ஒரு சாரார் ஒவ்வொன்றாக முடித்துப் பழகினர். மறுசாரார் மூன்றையும் கலந்து பழகினர். பழகும்போது முதல் சாராரே விரைந்தனர். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது இரண்டாம் சாரார் முந்தினர். கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியின் பேஸ்பால் வீரர்களிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்விலும், மூவகைப் பந்துகளையும் வரிசையாக எதிர்கொண்டவர்களைவிட முன்னறிவின்றிக் கலந்து எதிர்கொண்டவர்களே தேர்வில் சிறந்தனர். ஆசிரியரை ஏமாற்றும் இடம் இதுதான். இன்றைய வகுப்பில் அழகாகச் செய்பவன் கற்றுவிட்டான் என்று நாம் மதிப்பெண் இடுகிறோம். தடுமாறுகிறவன் பின்தங்கியவன் என்கிறோம். அந்தத் தடுமாற்றமே கற்றலாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் மதிப்பேட்டில் இடமில்லை.

டான் பிராட்மன் சிறுவனாக இருந்தபோது பௌரல் ஊரில் தம் வீட்டுப் பின்புறத்துத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடிப்பகுதியில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது எகிறி வருகையில் கிரிக்கெட் குச்சியால் அடித்து விளையாடியதைப் பலரும் அறிவர். வளைந்த சுவர்; சிறிய பந்து; மெல்லிய குச்சி; எப்பக்கம் வருமென்று சொல்ல முடியாது. டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 ஓட்டச் சராசரி பெற்றவர் அவர். அத்தொட்டியே அவரை ஆக்கிற்று என்று சொல்வது மிகை; அவ்வாறு விளையாடிய சிறுவர் எல்லோரும் பிராட்மன் ஆகிவிடவில்லை. ஆயினும் ஒரே அடியைத் திரும்பச் செய்ய அந்தச் சுவர் அவரை விடவில்லை என்பது தெளிவு.

இத்துணையும் பெர்ன்ஸ்டைனுக்குச் சார்பாகவே கூறினோம். அவர் பெயரால் இன்று நடப்பனவற்றை அப்படியே ஒப்புக்கொள்ள இயலவில்லை. 1986இல் கார்ல் நியூவெல் என்பவர், அசைவு என்பது உடல், சூழல், செய்ய வேண்டிய செயல் ஆகிய மூன்றின் வரம்புகளுக்கிடையே உருவாவது என்று எழுதினார். இதை அடியாகக் கொண்டு, ஆசிரியர் வடிவத்தைச் சொல்லிக் கொடுக்கவே கூடாது. வரம்புகளை மாற்றினால் போதும். மாணவன் தானே கண்டடைவான் என்னும் கட்சி ஒன்று வளர்ந்துள்ளது. இதில் நன்மை உண்டு. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் டென்னிஸ் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை உலக டென்னிஸ் கூட்டமைப்பு விலக்கி, மெதுவாக எழும் பந்துகளை விதித்தது நல்ல எடுத்துக்காட்டு. தலைக்கு மேலே எகிறும் பந்தை எட்டிப் பிடிக்கத் தவித்த குழந்தை இப்போது இடுப்பளவில் அடிக்கிறது. ஒரு சொல்லும் சொல்லாமலே அடி திருந்துகிறது.

ஆனால், காட்டிக் கொடுத்தல் அறவே தீது என்பது வரம்பு மீறிய கூற்று. உடற்பயிற்சிக் கம்பியில் தலைகீழாய்ச் சுழலும் மாணவியை நீயே கண்டுபிடி என்று விடுவது ஆசிரியர் செய்யும் செயலன்று. பளுத்தூக்குவோன் முதுகை வளைத்துத் தூக்கினால் அவன் தேடல் அத்துடன் முடிந்துவிடும். கலந்து பழகுவதன் நன்மையும் ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரிவதுபோலத் திடலில் தெரிவதில்லை. சிறுவர்களிடமும் முற்றப் புதியவர்களிடமும் அது மெலிந்தே காணப்படுகிறது. இன்னும் நிற்கவே அறியாத குழந்தையை மேடு பள்ளத்தில் நிறுத்துவதால் ஆவதென்ன?

வியப்பு என்னவெனில், இக்கட்சியினர் மேற்கோளாகக் காட்டும் நூலிலேயே இவர்களுக்கு மறுப்பும் இருக்கிறது. பெர்ன்ஸ்டைன் அசைவைப் பல அடுக்குகளாகப் பிரிக்கிறார். உடலின் நிலையைத் தாங்குவது அடியடுக்கு. உறுப்புகள் தாள ஒழுங்கில் இசைந்து இயங்குவது அதன் மேலது. இடத்தையும் குறியையும் நோக்கிச் செல்வது அதற்கும் மேலது. பொருளறிந்து செய்யும் செயல் உச்சியிலுள்ளது. மேலடுக்குச் சூழலை நோக்கி விடை தேட வேண்டுமாயின், கீழடுக்குகள் தம் வேலையைக் கேளாமலே செய்துகொண்டிருக்க வேண்டும். அவ்வாறு கீழடுக்குகளிடம் வேலையை ஒப்படைத்தலே தானியங்கல். அதற்கு நாள் பிடிக்கும். பலமுறை செய்தலும் வேண்டும். திரும்பச் செய்தலை அவர் பழிக்கவில்லை. அறிவின்றித் திரும்பச் செய்தலையே பழித்தார். நூலின் பிற்பகுதியை அமைதியாகப் படித்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். முற்பகுதியின் கவர்ச்சியில் பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர்.

நூலுக்கும் குறைகள் உண்டு. உயிரினங்களின் படிமலர்ச்சியைக் கூறும் மூன்றாம் கட்டுரை இன்று பழங்கதையாய்ப் படுகிறது. அடுக்கு ஒவ்வொன்றையும் மூளையின் ஒவ்வொரு பகுதியோடு பொருத்திக் காட்டுவதும் இக்கால நரம்பியலுக்கு மிக எளிமையாகிவிட்டது. கதைகளும் உவமைகளும் மிகுந்து, சான்று குறைந்த இடங்கள் பல. சுத்தியல் ஆய்வின் அளவுகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். அவற்றுக்கு அவருடைய பிற நூல்களையே நாட வேண்டும். பொதுமக்களுக்கென எழுதியது என்னும் காரணம் இக்குறையை ஓரளவே மறைக்கும். எனினும், தம் காலத்து ஆட்சியாளர் விரும்பிய விடையை எழுதாமல், படச்சுருள் காட்டிய விடையை எழுதினார் என்பதற்காகவே இந்நூலுக்கு நம் அலமாரியில் இடம் உண்டு.

தமிழில் இந்நூல் வருமானால் தலைப்பிலேயே இடர்ப்பாடு தொடங்கும். ருஷ்ய மொழியில் அங்குள்ள சொல் 'லோவ்கஸ்த்'. பிடித்தல் என்னும் வினையோடு உறவுடையது. ஆங்கிலர் 'டெக்ஸ்டெரிட்டி' என்றனர். இலத்தீனில் வலக்கையைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தில் கை வந்துவிட்டது. ஓடுவதை எட்டிப் பிடிக்கும் குறிப்புப் போய்விட்டது. நமக்குக் கைத்திறன் என்றால் கைவினை என்றே பொருள்படும். திறமை என்பது கணக்குக்கும் பேச்சுக்கும் பொது. சதுரப்பாடு பொருந்தும், ஆனால் அகராதியைப் புரட்டாமல் விளங்காது. மக்கள் நாவில் வாழும் லாவகம் என்ற சொல்லே நெருங்கி நிற்கிறது. கூட்டத்தில் மோதாமல் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து செல்பவளை லாவகமாகச் செல்கிறாள் என்கிறோமே தவிர, எவருமற்ற தெருவில் நேரே நடப்பவளை அவ்வாறு சொல்வதில்லை. வடசொல்லாயிற்றே என்று தயங்குவோர் உண்டு. இதே பொருளைச் சூழலோடு சேர்த்துத் தரும் தனித்தமிழ்ச் சொல்லை அவர்கள் எடுத்துத் தந்தால், மொழிபெயர்ப்பாளர் நன்றியுடன் ஏற்றுக்கொள்வர்.